தாமதித்துத் தட்டும் பலா

பலாப்பழங்கள் பதிலுக்குத் தட்ட ஆரம்பித்தது ஒரு சித்திரை மாதக் காலையில், முந்திரி பொறுக்கும் வேலை ஓய்ந்து ஊரே சண்டைக்கு ஆள் தேடிக்கொண்டிருந்த நேரத்தில். அதைப் பார்த்து எங்கள் செம்மேட்டுக்குப்பத்தில் ஒருவரும் ஆச்சரியப்படவில்லை. ஆச்சரியப்படுவதற்கு முதலில் நம்ப வேண்டும். எங்கள் செம்மண்ணில் பலா விளையும், முந்திரி விளையும், நம்பிக்கை மட்டும் விளைந்ததே இல்லை. அது வெளியூரிலிருந்து வந்தால்தான் உண்டு, வெளியூரிலிருந்து வருகிற எதையும் நாங்கள் வாங்குவதில்லை.

எங்கள் ஊரில் பால் வாங்குகிறவள் பாலைப் பார்க்க மாட்டாள், பால்காரர் கையைப் பார்ப்பாள். கோயிலில் திருநீறு கொடுத்தால் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் பூசிக்கொள்வோம். செத்தவர் வீட்டுக்குப் போனாலும் கொஞ்ச நேரம் நின்று, மூச்சு நிஜமாகவே நின்றுவிட்டதா என்று பார்த்துவிட்டு, அதற்குப் பிறகே அழுவோம். இப்படிப்பட்ட ஊர் பலாப்பழத்தை வெளித்தோலை மட்டும் பார்த்து வாங்கிவிடுமா? அதற்காகத்தான் கண் திறப்பது என்ற வழக்கத்தை வைத்திருந்தோம். வாங்க வருகிறவர் எண்ணெய் தடவிய கத்தியால் பழத்தின் விலாவில் முக்கோணமாக ஒரு துண்டு போட்டு எடுத்து, விரலை உள்ளே விட்டு ஒரு சுளையை உருவித் தின்று பார்த்து, பிடித்தால் வாங்குவார், பிடிக்காவிட்டால் அந்தத் துண்டை அதே இடத்தில் அடைத்துவிட்டு நடையைக் கட்டுவார். அடுத்து வருகிறவர் முன்னவர் திறந்த கண்ணை நம்பாமல் வேறு பக்கம் தானே ஒரு கண் திறப்பார். உச்சிவெயில் ஏறுவதற்குள் பழத்துக்கு உடம்பெல்லாம் கண்ணாகி, பால் வடிந்து, ஈ மொய்த்து, சுளையில் பாதி ருசி பார்த்தே தீர்ந்திருக்கும். பழம் பாழாகிறது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் கண் திறக்காமல் வாங்கியவனை ஏமாளி என்று பேரன் காலம் வரைக்கும் சொல்லிக் காட்டுவார்கள், அதற்குப் பழம் பாழானால் தேவலை என்று இருந்தோம்.

அன்று காலை மண்டித் தரகன் தனவேல், கலியபெருமாள் கொண்டு வந்து இறக்கிய பழம் ஒன்றைக் காயாகவே வெட்டினதா, பழுத்ததா என்று பார்ப்பதற்காக விரல் முட்டியால் வழக்கம்போல் தட்டினான். உள்ளேயிருந்து அதே மாதிரி யாரோ திரும்பத் தட்டினார்கள். தனவேல் பழத்தைப் பார்க்கவில்லை, கலியபெருமாளைப் பார்த்தான். உள்ளே எதையாவது வைத்துத் தைத்துக் கொண்டுவந்தாயா என்று கேட்டான். கலியபெருமாளுக்கும் திக்கென்றுதான் இருந்தது, ஆனால் அதைக் காட்டிக்கொண்டால் தரகன் விலையைக் குறைப்பான் என்று, தன் மரத்துப் பழம் எப்போதுமே அப்படித்தான், இத்தனை நாள் நீ ஒழுங்காகத் தட்டியதில்லை என்று ஒரே போடாகப் போட்டார். அதைக் கேட்டுப் பொறாமைப்பட்ட மற்றவர்கள் தங்கள் தங்கள் பழங்களைத் தட்டிப் பார்க்க, மண்டியிலிருந்த பழமெல்லாம் ஒன்று முன்னே ஒன்று பின்னே என்று பதிலுக்குத் தட்டியது. நாங்கள் அத்தனை பழங்களையும் அங்கேயே பிளந்து போட்டுத் தேடினோம். சுளை இருந்தது, கொட்டை இருந்தது, சக்கை இருந்தது, தட்டினவரைத்தான் காணோம்.

அப்படிப் பிளந்த அன்றைக்கே தெரிந்துபோன விஷயம் ஒன்று உண்டு. யார் முதலில் கண்டுபிடித்தது என்பதில் இன்றைக்கும் கைகலப்பு நடப்பதால் பெயர் சொல்ல மாட்டேன். தட்டின கையை எடுப்பதற்குள் பதில் தட்டிய பழமெல்லாம் புளிப்பு. வெற்றிலையில் சுண்ணாம்பு தடவி மடிக்கிற நேரம் கழித்துத் தட்டினது சுமாரான இனிப்பு. தட்டினதையே நாம் மறந்து, பேச்சு மழையைப் பற்றியும் மருமகளைப் பற்றியும் போய்விட்ட பிறகு, அந்தப் பேச்சுக்கு நடுவில் மெதுவாக ஒரு தட்டு வந்தால், அந்தப் பழத்தின் சுளையைத் தின்றவர் அன்று முழுக்க வேறெதையும் வாயில் வைக்க மாட்டார். பழத்தைத் திறக்காமல், கத்தி படாமல், ஒரு சுளை குறையாமல் இனிப்பை அளந்துவிடலாம், காத்திருக்கத் தெரிந்தால் போதும். இது உண்மைதானா என்று அந்தக் கோடை முழுக்கத் தட்டிக் கேட்டு, பிறகு வெட்டியும் பார்த்தோம். ஒரு தடவைகூடத் தப்பு வரவில்லை. தப்பே வராததுதான் எங்களுக்கு மேலும் சந்தேகத்தைக் கொடுத்தது, ஆனால் வெட்டி வெட்டிக் கை ஓய்ந்துபோய்க் கத்தியைக் கூரையில் செருகிவிட்டோம்.

அதன் பிறகு மண்டி மண்டியாக இல்லை, பரீட்சை நடக்கிற பள்ளிக்கூடமாகிவிட்டது. இருமக் கூடாது, லாரிக்காரர் ஹாரன் அடிக்கக் கூடாது, சில்லறை குலுங்கக் கூடாது. வாங்குகிறவர்கள் பழத்தின் முள்ளில் கன்னத்தை அழுத்திக் காத்திருந்து காத்திருந்து எங்கள் ஊர் ஆண்களுக்கெல்லாம் இடது கன்னத்தில் புள்ளி புள்ளியாகத் தழும்பு விழுந்தது. பண்ருட்டி பஸ் ஸ்டாண்டில் அந்தக் கன்னத்தைப் பார்த்ததும் கடைக்காரர்கள் சரக்கை எடுத்து உள்ளே வைத்தார்கள், எங்களிடம் வியாபாரம் பேச அவர்களுக்குப் பொழுது கிடையாது. விற்கிறவர்கள் சும்மா இருப்பார்களா? பழம் அவசரப்பட்டுத் தட்டினால் வெளியே கேட்காமல் இருக்க ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். பழம் தட்டுகிற நேரம் பார்த்துத் தும்முவதற்கென்றே ஒருவர் பொடி போடப் பழகினார். மரத்தடியில் விடிகாலையில் போய் நின்று, அவசரப்படாதேடா கண்ணு, ஆற அமர யோசித்துச் சொல்லு என்று காய்களுக்குப் புத்தி சொன்ன குடும்பங்களும் உண்டு.

விஷயம் கேள்விப்பட்டு ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். கையடக்கமான கருவி ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். அதைப் பழத்தின் தோலில் வைத்து அழுத்தினால் உள்ளே வெளிச்சம் போய்த் திரும்பி வந்து இனிப்பு எவ்வளவு என்று எண்ணாகக் காட்டும், பழத்துக்கு ஒரு கீறலும் விழாது என்று பொறுமையாகச் சொன்னார். நாங்கள் பழம் பழமாகக் கொடுத்துப் பார்த்தோம். கருவி சொன்னதும் பழம் தட்டினதும் ஒன்றாகவே இருந்தது. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த கலியபெருமாள் கடைசியில், எல்லாம் சரிங்கம்மா, ஆனா வெச்ச ஒடனே சொல்லிடுதே, அப்ப அது புளிப்புத்தானே என்றார். அந்த அம்மா கொஞ்ச நேரம் எங்கள் எல்லோர் கன்னத்தையும் பார்த்துவிட்டு, சந்தேகப்படுவதற்கும் ஓர் அளவு வேண்டாமா என்று கேட்டார். அவர் மேல் வைத்திருந்த மரியாதையால் நாங்கள் யாரும் உடனே பதில் சொல்லவில்லை. அவர் ஜீப் ஏறிப் போய், புழுதி அடங்கின பிறகு, வேண்டும் என்று எல்லோருமாகச் சொன்னோம்.

மனிதர்களுக்கு அந்த அளவுகோலை நாங்கள் முதலில் வைத்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன். கேட்டதும் பதில் சொல்கிறவன் புளிப்பன், தாமதித்துச் சொல்கிறவன் இனிப்பு மனசுக்காரன் என்று ஆகிப்போனது. டீக்கடையில் டீ வேண்டுமா என்று கேட்டால், நல்ல குடும்பத்தில் பிறந்தவர் தென்னை உச்சியை ஒரு பார்வை பார்த்து, தோளிலிருந்த துண்டை எடுத்து உதறி மறுபடி போட்டுக்கொண்டுதான் ஆமாம் என்பார், அதற்குள் டீ ஆறியிருக்கும். பெண் பார்க்க வந்த இடத்தில் சம்மதமா என்று கேட்டதும் சம்மதம் என்று சொல்லிவிட்ட பெண்ணை வேண்டாம் என்று சொல்லி, மாப்பிள்ளை வீட்டார் பஜ்ஜியைக்கூடத் தொடாமல் எழுந்து போனார்கள். எந்த ஊருக்கு டிக்கெட் என்று கேட்ட கண்டக்டர் ஒருவர் எங்கள் தடத்தில் வேலை செய்ய மாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். தாமதிப்பது வழக்கமானதும், இவன் நிஜமாகவே தாமதிக்கிறானா, இல்லை வேஷம் போடுகிறானா என்று அதன் மேலும் ஒரு சந்தேகம் ஏறியது. ஒன்றும் குறைவில்லாமல் வாழ்ந்தோம்.

இடையில் ஒரு பழம் பதிலே தட்டவில்லை. பாவாடை என்பவர் கொல்லையில் காய்த்தது அது. தட்டிவிட்டுக் காத்திருந்தோம், பொழுது சாய்ந்தது, மறுபடி விடிந்தது, பழம் வாயே திறக்கவில்லை. இதைவிட இனிப்பான பழம் பூமியில் கிடையாது என்று ஒரு கட்சியும், உள்ளே எல்லாம் செத்துக் கிடக்கிறது என்று ஒரு கட்சியும் பிரிந்தது. வெட்டிப் பார்த்தால் பதில் தெரியாமலே போய்விடும் என்று யாரையும் கத்தியோடு கிட்டே விடவில்லை. கடைசியில் அது தானாகவே வெடித்து மண்ணோடு கலந்தது. தேன் வாசனை வந்தது என்று பாதிப் பேரும் அழுகல் நாற்றம் என்று பாதிப் பேரும் சத்தியம் செய்தார்கள், வாயில் வைத்துப் பார்த்தவர் ஒருவரும் இல்லை.

தனவேலின் மனைவி தையல்நாயகியைப் பற்றி இனிமேல் சொல்லாமல் முடியாது. அவள் அவனுக்குத் தாய்மாமன் மகள், விருத்தாசலம் பக்கத்திலிருந்து வந்தவள். அவளிடம் கேள்வி கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்துவிடும். சாப்பிட்டியா என்பதில் சா என்கிறபோதே ஆச்சு என்பாள். கல்யாணமாகி ஏன் இன்னும் குழந்தை இல்லை என்று கேட்டவர்களுக்கு அவள் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது, ஆனால் அதுவும் உடனே வந்த பதில்தான். மண்டியிலிருந்து கை நிறையப் பலாப் பால் ஒட்டிக்கொண்டு வருகிற புருஷனைக் கிணற்றடியில் உட்கார வைத்து, உள்ளங்கையில் எண்ணெய் ஊற்றி, தேங்காய் நாரால் தேய்த்து எடுத்துக்கொண்டே அன்றைய ஊர்ச் சேதியை அவள் சொல்ல, அவன் சிரித்துக்கொண்டிருப்பான். ஊரில் சந்தோஷமாக இருந்த ஒரே வீடு அது என்றே சொல்லலாம். அதனாலேயே அந்த வீட்டைப் பார்த்தால் எங்களுக்கு ஆகாது.

தனவேல் காதில் இதைப் போட்டது யார் என்று கேட்டால், எல்லோரும்தான். உன் வூட்டுப் பழம் தட்டறதுக்கு முன்னாடியே தட்டுதாமே என்று மண்டியில் கிண்டல் பண்ணினோம். முதலில் அவனும் சேர்ந்து சிரித்தான். பிறகு சிரிப்பைக் குறைத்தான். பிறகு வீட்டில் ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்க்க ஆரம்பித்தான். நான் வர நேரமானால் தேடுவாயா என்று கேட்டான். தேடாம என்றாள் அவள், அவன் வாயை மூடுவதற்குள். நான் இல்லாவிட்டால் அழுவாயா என்று கேட்டான். அழுவேன் என்று அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள். இத்தனை காலம் அவனைக் குளிர்வித்த அந்தச் சுருக்கான பதில்கள் இப்போது ஒவ்வொன்றாக அவனுக்குள் போய்ப் புளித்தன. பலாப் பாலை எண்ணெய் போட்டு எடுத்துவிடலாம், மனதில் ஒட்டின சந்தேகத்துக்கு எங்கள் ஊரில் எண்ணெய் கிடையாது.

ஒருநாள் சாயங்காலம் கிணற்றடியில் அவள் அவன் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது அவன் அந்தக் கேள்வியைக் கேட்டான். வேலிக்கு அந்தப் பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்த அஞ்சலாட்சி கேட்டுவிட்டு வந்து சொன்னதால் எங்களுக்கு வார்த்தை பிசகாமல் தெரியும்.

"தையலு, என்கூட வாழறது உனக்குப் புடிச்சிருக்கா?"

தையல்நாயகி வாயைத் திறந்தாள். பதில் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது, அஞ்சலாட்சி அதைப் பார்த்தாள். அதே நேரம் தையல்நாயகி தலை நிமிர்ந்து புருஷன் முகத்தைப் பார்த்தாள். அவன் கண்ணைப் பாதி மூடி, தழும்பு விழுந்த கன்னத்தை அவள் பக்கம் சாய்த்து, மூச்சடக்கிக் காத்துக்கொண்டிருந்தான். மண்டியில் சரக்குக்கு முன்னால் உட்காருகிற அதே உட்காரல். அவள் வாயை மூடிக்கொண்டாள். மிச்சமிருந்த பாலைத் தேய்த்து எடுத்து, கையைத் துடைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

தனவேலுக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாள் மண்டிக்கு வந்ததும் வராததுமாக, இன்னும் சொல்லவில்லை என்று பெருமையாகச் சொன்னான். நாங்களும் கை கொடுத்தோம். அடுத்த நாளும் இன்னும் சொல்லவில்லை என்றான். அந்த வாரம் முழுக்க அப்படியே போனது. மற்ற எதைக் கேட்டாலும் அவள் பழையபடியே பட்டுப் பட்டென்று பதில் சொன்னாள், கத்தரிக்காய் விலையிலிருந்து காணாமல் போன கன்றுக்குட்டி வரை. அந்த ஒரு கேள்விக்கு மட்டும் பதில் இல்லை. இத்தனை இனிப்பை மனதில் வைத்துக்கொண்டா இவள் இவ்வளவு நாள் வெடுக் வெடுக்கென்று பேசினாள் என்று பெண்கள் வந்து வேலியோரமாக நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். அஞ்சலாட்சியிடம் அவள் புருஷன் அதே கேள்வியைக் கேட்டபோது அவள் உலை கொதித்துச் சோறு வடித்து முடிக்கும்வரை தாமதித்து ஆமாம் என்றாள், அதற்கு மேல் அவளால் தாங்க முடியவில்லை.

மழைக்காலம் தொடங்கிய பிறகும் பதில் வரவில்லை என்றானபோது தனவேலின் பெருமை கரைந்துவிட்டது. பாவாடை கொல்லைப் பழம் அவன் ஞாபகத்துக்கு வந்துவிட்டது, அதை நாங்களும் அவ்வப்போது ஞாபகப்படுத்தினோம். மறுபடி கேட்டுப் பார்க்கலாமா என்று யோசனை கேட்டான். கூடவே கூடாது, இரண்டாம் முறை தட்டினால் முதலில் காத்திருந்ததெல்லாம் வீண் என்று தடுத்துவிட்டோம். அவன் சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்து போனான். அவள் மாவாட்டும்போது பின்னால் வந்து நின்று காது கொடுத்துக் கேட்டான். அவள் கடைக்குப் போனால் யாரிடம் பேசினாள், எவ்வளவு நேரம் பேசினாள், யார் கேள்விக்குத் தாமதித்தாள் என்று அஞ்சலாட்சியிடம் விசாரித்தான். பூக்காரரிடம் அவள் ஒரு நாள் சற்று யோசித்து, மல்லி வேண்டாம் என்று சொன்னாளாம். அந்தச் சற்று நேரத்துக்காக அவன் பூக்காரர் சட்டையைப் பிடித்துவிட்டான். தையல்நாயகிக்கு எல்லாம் தெரிந்தது. அவள் கூனிக் குறுகிப் போனாள். கட்டினவனே தன்னை அக்கம்பக்கத்தில் விசாரிக்கிறான் என்பதைவிடப் பெரிய அவமானம் அவளுக்கு வேறு இல்லை.

ஐப்பசியில் ஒருநாள் காலை அவள் ஒயர்க் கூடையில் துணியை அடுக்கிக்கொண்டு மண்டிக்கு எதிரே பஸ் நிற்கிற இடத்தில் வந்து நின்றாள். யாரோ போய்ச் சொல்ல, தனவேல் செருப்புக்கூடப் போடாமல் ஓடி வந்தான். நாங்களும் வந்தோம், பழகின பழக்கத்தில் சத்தமில்லாமல் சுற்றி நின்றோம். அவன் எங்கே போகிறாய் என்று கேட்டான். அம்மா வீட்டுக்கு என்றாள். எப்போது வருவாய் என்றான். அவள் அவன் பக்கம் திரும்பினாள்.

"நீ கேட்டதுக்கு அன்னிக்கே சொல்லத்தான் வாயத் தொறந்தேன் மாமா. புடிச்சிருக்குன்னுதான் சொல்ல வந்தேன். நீ என் மூஞ்சியப் பாக்கல. காதத் திருப்பி வெச்சிக்கினு எவ்ளோ நேரமாவுதுன்னு அளந்துக்கிட்டு இருந்த. அதான் மூடிக்கிட்டேன்."

தனவேல் அழுதுவிட்டான். முந்திரித் தோப்பைத் தாண்டி பஸ் வருகிற சத்தம் கேட்டது. அவள் கூடையைக் கீழே வைத்தாள்.

"ஒண்ணு கேக்கறேன், அதுக்கு மட்டும் சொல்லு. நீ சொன்னா இந்தக் கூடையோட வூட்டுக்கு வந்துடறேன். என்னை நம்பறியா?"

அவனுக்கு ஆமாம் என்பது அந்த நிமிஷமே வந்துவிட்டது, அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். நாங்கள் கிட்டே நின்று பார்த்தவர்கள். நெஞ்சிலிருந்து கிளம்பித் தொண்டைக்கு ஏறி உதடு பிரிந்தும்விட்டது. ஆனால் அவன் எங்கள் ஊரில் பிறந்தவன், அவள் மேல் உயிரையே வைத்திருந்தவன். கேட்டதும் சொல்லிவிட்டால் அந்த ஆமாம் புளித்துப் போகுமே, இத்தனை நாள் படுத்தின பாட்டுக்கு ஈடாக ஒரு மனிதன் சொல்லக்கூடிய ஆமாம்களில் ஆக இனிப்பானதை அல்லவா அவளுக்குக் கொடுக்க வேண்டும் என்று, வந்த வார்த்தையைப் பல்லைக் கடித்து நிறுத்திக்கொண்டான். பஸ் வந்து நின்றது. இறங்குகிறவர்கள் இறங்கினார்கள். அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் கண்ணிலிருந்து தாரை தாரையாக வழிந்தது, கழுத்து நரம்பு புடைத்தது, உதட்டை இறுக்கி அந்த வார்த்தையைப் பிடித்து வைத்திருந்தான். ஏறுகிறவர்கள் ஏறினார்கள். கண்டக்டர், ஏம்மா வர்றியா இல்லியா என்றார். அவள் இன்னும் கொஞ்சம் நின்று பார்த்தாள். பிறகு குனிந்து கூடையை எடுத்துக்கொண்டு ஏறிவிட்டாள்.

பஸ் வளைவில் திரும்பி மறைந்து, சத்தமும் தேய்ந்து, மண்டி வாசலில் பழங்களுக்கு முன்னால் நாங்கள் எப்படி நிற்போமோ அப்படி நின்றுகொண்டிருந்தபோது, ஆமாம் என்றான் தனவேல்.

அப்படி ஒரு ஆமாமை எங்கள் ஊர் அதற்கு முன் கேட்டதில்லை. அதைக் கேட்ட எங்களுக்கு வாயெல்லாம் தித்தித்தது, கலியபெருமாள் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு விம்மினார், தங்கமான பையன், எப்படிப்பட்ட மனசு பாருங்கள் என்று ஆளுக்கு ஆள் அவன் முதுகைத் தடவிக் கொடுத்தோம். இப்படிப்பட்டவன் பதிலைக் காத்திருந்து கேட்காமல் வந்த பஸ்ஸில் ஏறிப் போனாளே, அவள் மனதில் அப்படி என்னதான் இருந்திருக்கும் என்று அன்று சாயங்காலமே சந்தேகப்பட ஆரம்பித்தோம்.